நீண்ட ஆமென்

பெனி சாலையின் நடுவில் வந்து கையை உயர்த்தினான். வண்டி நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. சாமுவேலுவின் பிக்கப் எதையும் உடனே ஒப்புக்கொள்ளும் ரகமில்லை.

"என்னடா?" என்று ஃபெரெதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ரெண்டாவது மணி அடிச்சாச்சு அண்ணே."

"எனக்குக் கேக்கலையே."

"உன் மாப்ளை வண்டி போடுற சத்தத்துல ஆண்டவர் திரும்பி வந்தாக்கூடக் கேக்காது."

சாமுவேலு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். "எனக்குக் கேட்டுச்சு மச்சான். சொன்னா நீ வேகமாப் போகச் சொல்லுவேன்னு சொல்லலை" என்றான். பிறகு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் கோத்து, கண்ணை மூடி, அங்கேயே ஜெபத்தைத் தொடங்கிவிட்டான். ஃபெரெதியின் தங்கை பலேப்பா இவனிடம் எதைக் கண்டு கல்யாணம் செய்துகொண்டாள் என்பது குடும்பத்தில் பல காலமாகத் தீராத கேள்வி. இந்த அமைதியைத்தான் கண்டிருப்பாள்.

வைமோலியில் பொழுது சாயும்போது மூன்று முறை மணி அடிப்பார்கள். மணி என்பது சீமைப்பலா மரத்தில் தொங்கும் ஒரு காலி கேஸ் சிலிண்டர். முதல் மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது மணிக்குப் பிறகு யாரும் எங்கும் போகக் கூடாது. வீட்டுக்கு வீடு ஜெபம். மூன்றாவது மணி அடித்ததும் உலகம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இடையில் நடப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், தேவைக்கு அதிகமாகத் தும்முபவர்கள் ஆகியோரைக் கவனிக்க, பூப்போட்ட லுங்கி கட்டிய ஆண்கள் சாலையில் ஆங்காங்கே நிற்பார்கள். மீறினால் ஒரு பெட்டி டின் மீன் அபராதம். நாய்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வைமோலி நாய்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டதில்லை. அவையும் படுத்துவிடும்.

ஊர் எல்லை என்பது ஒரு தென்னை அடிமரம். வண்டி அதற்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. அந்தப் பக்கம், சாலை வளையும் இடத்தில், தேவாலயத்தை அடுத்த வீட்டில், ஃபெரெதியின் அம்மா ஃபுவாதினோ செத்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸ் வந்து பாத்தாங்க அண்ணா" என்று பலேப்பா பிரிஸ்பேனுக்குப் போன் செய்திருந்தாள். "இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க. ஒரு தடவை மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடு." அவன் கிடங்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு விமானம் ஏறினான். இறங்கி அடுத்த தீவுக்குப் படகு பிடித்தான். எரிமலைக் குழம்பு ஆறிக் கறுத்த வெளிகளைச் சாமுவேலுவின் வண்டியில் கடந்தான். கடலும் நெருப்பும் தாண்டி வந்தவனை ஒரு தென்னை அடிமரம் நிறுத்திவிட்டது.

அடிமரத்தைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது. ஜெபவேளை ஊர்ப் பெரியவர்கள் போட்ட சட்டம். அதற்கு முதுகெலும்பு வைத்தது ஃபுவாதினோ. பெண்கள் கமிட்டிக்கு அவள் தலைவியான பிறகுதான் காவல் நிற்பவர்கள் நிஜமாகவே நிற்கத் தொடங்கினார்கள். மூன்றாவது மணி அடித்ததும் அவள் பெரிய கெட்டிலில் கோகோ எடுத்துக்கொண்டு சாலைக்கு வருவாள். நேராக நின்றவனுக்கு முழுக் கோப்பை. உட்கார்ந்து கண்ணில் பட்டவனுக்கு அரைக் கோப்பை, மீதிக்கு அறிவுரை. ஒருமுறை தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவரின் கார் இதே அடிமரத்துக்கு வெளியே நின்றது. ஜெபம் முடிந்ததும் அவருக்கும் கோகோ போயிற்று. "சும்மா இருந்த நேரத்துல நீங்களும் ஜெபிச்சீங்கதானே?" என்று கேட்டாளாம். அதிகாரி பொய் சொன்னார். அரைக் கோப்பைதான் கிடைத்தது.

"பெனி" என்றான் ஃபெரெதி. "அம்மா எப்படிடா இருக்காங்க?"

"காலையில பாத்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாங்க. சரி, தொந்தரவு வேணாம்னு திரும்பினேன். 'பெனி, லுங்கி அழுக்கா இருக்கு'ன்னாங்க." பெனி குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஜெபவேளையில் பேசுவதே குற்றம். "கண்ணைத் தொறக்கவே இல்லை அண்ணே. எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்."

"ஏன், படகு லேட்டா?"

ஃபெரெதி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒரு பெட்டி டின் மாட்டிறைச்சி இருந்தது.

படகு நேரத்துக்கு வந்துவிட்டது. அவன்தான் துறைமுகக் கடைக்குள் போனான். வெறுங்கையோடு அம்மா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அது அவளுடைய இன்னொரு சட்டம். இதற்கு மணி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். பெட்டியைத் தூக்கும்போது கடைக்காரம்மா, யாருக்கு என்று சும்மா கேட்டாள். வைமோலி ஃபுவாதினோவுக்கு என்று அவனும் சும்மா சொன்னான். கடைக்காரம்மா அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கி, மேஜைமேல் வைத்து, கத்தியால் பிரித்தாள்.

"அவங்களுக்கா? அவங்க நசுங்கின டின்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கப்பா. போன ஈஸ்டருக்கு அனுப்பினாங்க. இரு, பாத்துக் குடுக்கறேன்."

ஒவ்வொரு டின்னாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நசுங்கியதை மாற்றினாள். மாற்றியதிலும் நசுங்கல் இருக்கவே உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தாள். "உடம்பு எப்படி இருக்கு அவங்களுக்கு?" என்றாள். பரவாயில்லை என்றான் ஃபெரெதி. வேறென்ன சொன்னாலும் அவள் அழ ஆரம்பித்து இன்னும் தாமதமாகும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. இப்போது யோசித்தால், அவள் அழுதிருந்தாலே நன்றாக இருந்திருக்கும். அழுதுகொண்டு டின்களைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஊர் பாட ஆரம்பித்தது.

வைமோலியின் பழைய வீடுகளுக்குச் சுவர் கிடையாது. கூரை, தூண்கள், பாய், நடுவில் மனிதர்கள். அதனால் பாட்டு வீட்டுக்குள் நிற்பதில்லை. எல்லையோர வீடு ஒரு பாட்டை எடுக்க, அடுத்த வீடு வேறொன்றை எடுக்க, அதற்கடுத்த வீடு இரண்டையும் பொருட்படுத்தாமல் மூன்றாவதை எடுக்க, எல்லாம் சாலைக்கு வந்து சேரும்போது எப்படியோ ஒன்றாகிவிடும். கற்சூட்டு அடுப்புகளின் புகை தரையோடு படுத்து மெல்ல நகர்ந்தது. அந்தப் புகைமேல் வீடுகள் மிதப்பதுபோலவும், யாராவது நங்கூரத்தை எடுத்துவிட்டால் ஊர் மொத்தமும் பாடிக்கொண்டே பாறைத்திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போய்விடும் போலவும் இருந்தது.

ஃபெரெதி வண்டியிலிருந்து இறங்கினான்.

பெனி அவனைப் பார்த்தான். அடிமரத்தைப் பார்த்தான். "அண்ணே" என்றான். "நான் பச்சைப்புள்ளையா இருக்கறப்போ கமிட்டித் தராசுல எடை பாக்கத் தொங்கவிட்டு, 'இது புள்ளையா பன்னிக்குட்டியா'ன்னு ஊரே கேக்கற மாதிரிக் கேட்டவங்க பெரியம்மா. எங்கம்மா செத்தப்போ உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டுக் குளிப்பாட்டினதும் அவங்கதான். நான் இப்போ கடலைப் பாத்துத் திரும்பி நிக்கறேன். என் முதுகுக்குக் கண்ணு கிடையாது."

சொன்னபடி திரும்பி நின்றான்.

ஃபெரெதி அடிமரத்தைத் தாண்டி ஒரு காலை வைத்தான்.

அப்போதுதான் மற்றப் பாட்டுகளுக்கு நடுவே அம்மா வீட்டுப் பாட்டு தனியாகப் பிரிந்து கேட்டது. அவளுக்குப் பிடித்த பாட்டு. மூன்று சரணம். தூக்கத்தில் எழுப்பினாலும் அவனால் பாட முடியும். சின்ன வயதில் பல நாள் தூக்கத்தில்தான் பாடியிருக்கிறான்.

ஓடினால் எட்டிவிடலாம். ஓடும்போது வழியெல்லாம் நிற்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஒரு பெட்டி டின் மீன், வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் காலடிச் சத்தம் கேட்டு அவள் கண்ணைத் திறப்பாள். மூடிய கண்ணாலேயே லுங்கி அழுக்கைப் பார்க்கிறவளுக்கு மகனுடைய காலடி தெரியாமலா போகும்? திறந்து, "மணி அடிச்சுட்டாங்களா?" என்பாள். கமிட்டிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவன் தலையைக் குனிவான். இத்தனை வருஷம் கழித்து அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது அதுவாக இருக்கும். அதுவே கடைசியாகவும் இருக்கும். தன் வீட்டு ஜெபத்தைத் தன் பிள்ளையே உடைத்தான் என்பதைச் சுமந்துகொண்டு அவள் போவாள்.

ஓடாவிட்டால், அவளை உயிரோடு பார்க்காமலே போய்விடலாம்.

திட்டு வாங்கினால்கூடப் போதும் என்று ஒரு கணம் தோன்றியது. கால் அங்கேயே இருந்தது. பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. அவன் காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டான்.

வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, அடிமரத்தின் அருகில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தான்.

"போயிட்டியா அண்ணே?" என்று பெனி கடலைப் பார்த்தபடி கேட்டான்.

"இல்லை."

பெனி திரும்பவில்லை. "தெரியும்" என்றான். "நீ போயிருந்தா நான்தான் அபராதம் கட்டியிருப்பேன். ஆனா போயிருக்கலாம்."

கடல் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, கரைக்கு அருகில், முழங்கால் தண்ணீரில், அப்பா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான்.

அப்பா இறந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் அவர் அங்கே நின்றது நிஜம். ஒருநாள் ஒரு நல்ல ஆக்டோபஸைப் பிடித்துக்கொண்டு கரையேறும்போது இரண்டாவது மணி அடித்துவிட்டது. வீடு கண்ணுக்கு எதிரில். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நின்றார். ஆக்டோபஸ் இன்னும் சாகவில்லை. ஜெபம் நடந்தது, வசனம் படிக்கப்பட்டது, பாட்டு தொடங்கியது. ஆக்டோபஸ் ஒவ்வொரு சரணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி, கடைசியில் தோளில் தலைசாய்த்துக்கொண்டது. அப்பா கண்ணை மூடியபடி தண்ணீரில் நின்று தானும் பாடினார். அவரைவிட ஆக்டோபஸுக்குத்தான் பக்தி அதிகம் என்று அம்மா கமிட்டியில் சொல்லிச் சிரித்தாளாம்.

இப்போதும் அவர் அப்படித்தான் நின்றார். தோளில் ஏதோ கறுப்பாக அசைந்தது. அவசரமில்லாமல் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வெளியே வரப்போகிறார்கள், வந்ததும் சேர்ந்து போகலாம் என்பதுபோல. ஃபெரெதி கண்ணைக் கசக்கினான். கசக்கியிருக்கக் கூடாது. மறுபடி பார்த்தபோது ஒரு கட்டுமரத்தின் கழி மட்டும் நீரில் நட்டிருந்தது.

ஒவ்வொரு வீடாகப் பாடி முடித்தது. எல்லையோர வீடு ஓய்ந்தது. அதற்கடுத்தது. அம்மா வீட்டில் மூன்றாவது சரணம் போய்க்கொண்டிருந்தது. ஃபெரெதி எழுந்துவிட்டான். பெனியும் திரும்பிவிட்டான். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருந்தார்கள், சொல்லிக்கொள்ளவில்லை.

பாட்டின் முடிவில் எல்லோரும் ஆமென் பாடி வாயை மூடிவிடுவார்கள். ஃபுவாதினோ மூட மாட்டாள். அவளுடைய ஆமென் எல்லோருடையதும் முடிந்த பிறகு தனியாகப் போய்க்கொண்டிருக்கும். மூச்சு எதுவரையோ அதுவரை. கோவிலில் போதகர் வேதாகமத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளைகள் மூச்சை அடக்கிப் போட்டி வைத்துக்கொள்வார்கள். இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அந்த ஆமெனுக்குள் ஒரு சுருட்டைப் பற்றவைத்து அணைத்துவிடலாம் என்று ஊரில் பேச்சு உண்டு. அவள் காதுபட அல்ல.

பாட்டு முடிந்தது. எல்லோரும் ஆமென் பாடினார்கள். நின்றார்கள்.

நின்ற இடத்தில் ஒன்றுமில்லை.

பிறகு அது வந்தது. மெலிசாக, நடுங்கிக்கொண்டு, ஒரு இழை மாதிரி. அறுந்துவிடும் என்று நினைத்த இடத்தில் அறாமல் தொடர்ந்தது. புகைக்கு மேலே, சாலையோடு, காவல் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, அடிமரம்வரை வந்தது. இன்னும் போயிற்று. ஃபெரெதி தன்னையறியாமல் மூச்சை அடக்கியிருந்தான். அவன்தான் முதலில் தோற்றான்.

"கேட்டியா?" பெனிக்கு ஜெபவேளை மறந்துவிட்டது. "கேட்டியா அண்ணே? சாகப்போறவங்க மூச்சா இது? நர்ஸுக்கு என்ன தெரியும்! இன்னும் பத்து வருஷம் என் லுங்கியைக் குறை சொல்லுவாங்க பாரு!"

ஃபெரெதி சிரித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான்.

வண்டிக்குள் சாமுவேலு கண்ணைத் திறந்திருந்தான். வீட்டுப் பக்கம் பார்த்தான். ஃபெரெதியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூன்றாவது மணி இன்னும் அடிக்கவில்லை என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டான்.

மணி அடித்தது.

சாமுவேலுவின் வண்டிக்கு உடனே கிளம்பும் பழக்கமில்லை. ஃபெரெதி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் ஓடினான். வீடுகளில் விளக்கு ஏற்றினார்கள். படுத்திருந்த நாய்கள் எழுந்து உதறிக்கொண்டு, குரைக்கவேண்டிய கடமையை அவனிடமிருந்தே ஆரம்பித்தன.

அம்மா வீட்டில் கமிட்டிப் பெண்கள் வெள்ளை உடையில் தூணுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில், கொசுவலையைத் தூக்கிக் கட்டிய பாயில், ஃபுவாதினோ கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். தேவாலயத்துக்குப் போட்டுப் போகும் வெள்ளைத் தொப்பி தலைமாட்டில் இருந்தது. பலேப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணா" என்றாள். விசிறி நிற்கவில்லை.

ஃபெரெதி பெட்டியைத் தூணருகே வைத்துவிட்டுக் குனிந்தபடி உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது. "எல்லையிலேயே நிறுத்திட்டாம்மா பெனி" என்று அம்மாவிடம் சொன்னான். "தூங்கறாங்களா?" என்று தங்கையிடம் கேட்டான்.

பலேப்பா வீசினாள். அம்மாவின் நெற்றியில் ஒரு நரைமுடி விசிறிக் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது. வேறெதுவும் எழுந்து படியவில்லை.

அவன் போர்வைக்கு வெளியே இருந்த பாதத்தைத் தொட்டான். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கையை எடுக்கவில்லை.

"எப்போ?"

"ரெண்டாவது சரணம். பாதியில."

"ஆமென் கேட்டுச்சே."

பலேப்பா விசிறியை மற்றக் கைக்கு மாற்றினாள். அவள் கழுத்தில் ஒரு நரம்பு இன்னும் புடைத்திருந்தது. "வராம இருந்தா நீ ஓடி வந்திருப்பே" என்றாள்.

கமிட்டிப் பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மற்றவர்கள் பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி சத்தம் அவங்களுக்குக் கேட்டுச்சு" என்றாள் பலேப்பா. "கண்ணைத் தொறந்தாங்க. 'நின்னுடுச்சா?'ன்னாங்க. நின்னுடுச்சும்மான்னேன். 'அவன் நிறுத்தினானா, பெனி நிறுத்தினானா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அவனேதான் நிறுத்தினான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'சரி, பாட்டை ஆரம்பி'ன்னாங்க."

வெளியே சாமுவேலுவின் வண்டி வந்து சேரும் சத்தம் கேட்டது. நின்றது; குலுங்கியது; ஓய்ந்தது. சாமுவேலு உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பலேப்பா தூணருகே இருந்த பெட்டியைப் பார்த்தாள். "நசுங்கல் எதுவும் இல்லையே?"

"இல்லை. ஒவ்வொண்ணா பாத்துத்தான் குடுத்தாங்க."

"நேரமாகியிருக்குமே."

"ம்."

விசிறி போய் வந்தது. பாதத்தின் மேலிருந்த கையை அவன் எடுத்தான். எடுத்த இடத்தில் போர்வையை இழுத்து மூடினான். அடுப்போரத்தில் பெரிய கெட்டில் இருந்தது. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"காலையில இருந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாங்க" என்றாள் பலேப்பா. "வச்சாச்சா, வச்சாச்சான்னு. அவங்க நிம்மதிக்காக வச்சேன். இப்போ யாரு…"

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான் ஃபெரெதி.

இருட்ட ஆரம்பித்திருந்தது. கெட்டில் அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இதை அவள் எப்படித் தினமும் சுமந்தாள் என்று வழியெல்லாம் கை மாற்றிக்கொண்டே போனான். அடிமரத்தின்மேல் பெனி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அடுத்த ஆளிடம் கை விரித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தான். ஆமென் எவ்வளவு நீளம் என்பதைத்தான்.

கெட்டிலைக் கண்டதும் துள்ளி எழுந்தான். லுங்கியை இழுத்துக் கட்டினான். அழுக்கான பக்கத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, நேராக நின்று, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினான். அவன் உட்கார்ந்திருந்ததை ஃபெரெதி பார்த்துவிட்டான் என்று அவனுக்கும் தெரியும்.

"பெரியம்மா எப்படி இருக்காங்க அண்ணே?"

ஃபெரெதி கெட்டிலைச் சாய்த்தான். பாதிக்கு வந்ததும் பெனி பழக்கத்தில் கோப்பையைப் பின்னுக்கு இழுக்கப் போனான். ஃபெரெதி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, விளிம்புவரை ஊற்றினான்.